பைக்குள் இருந்தால் ஃபாரோலிதோ

திராங்கிலினோ என்ற பெயருக்கு அமைதியானவன் என்று பொருள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர், அவர்கள் என்ன கண்டார்கள் பாவம். அறுபத்து நாலு வயதுக்குள் லினோ கின்தானா சண்டை போடாமல் விட்டுவைத்தவர்கள் ரின்கோன் ஊரில் இரண்டே பேர். ஒருவருக்குக் காது கேட்காது. இன்னொருவர் போன வாரம்தான் குடிவந்தார்.

முப்பது வருடம் மலைச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டினார். ஓய்வு பெற்றபின் மலையில் பின்யோன் என்கிற பைன் மரம் வெட்டி விறகு விற்கிறார். உழைப்பாளி, அதில் ஒரு குறை சொல்ல முடியாது. வண்டியில் நாலு கட்டை கூடத்தான் போடுவாரே தவிர ஒன்றைக்கூடக் குறைக்கமாட்டார். ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். அவர் பிடித்த முயல் ஒரு சொல்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பொழுது சாயும்போது, கோயில் முற்றத்தில் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் சதுரமாய் அடுக்கி ஒரு நெருப்பு மூட்டுகிறோமே, அது லுமினாரியா. இயேசு பிறந்த இரவில் இடையர்கள் மலையில் குளிர்காய்ந்த நெருப்பு அது. பழுப்புக் காகிதப் பையில் இரண்டு பிடி மணல் போட்டு, நடுவில் மெழுகுவத்தி நட்டு, கூரை விளிம்பிலும் மதில்மேலும் வரிசையாக வைக்கிறோமே, அது ஃபாரோலிதோ. குட்டி விளக்கு. இதில் என்ன குழப்பம் என்று கேட்கலாம். இரண்டு மணி நேரம் தெற்கே வண்டி ஓட்டினால் குழப்பம் வந்துவிடும். அல்புகெர்க்கி நகரத்துக்காரர்களுக்கு அந்தக் காகிதப் பைதான் லுமினாரியா. ஒரே மாநிலம், ஒரே ஸ்பானிஷ், ஒரே பாலன் இயேசு, ஆனால் பையின் பெயர் மட்டும் வேறு. மற்றவர்கள் இதைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போவார்கள். லினோவைப் பொறுத்தவரை இது தப்புகூட இல்லை, பாவம்.

பையின் பெயரை மாற்றிச் சொன்ன டெக்ஸஸ் பயணிகளின் காரை வழிமறித்துத் திருத்தியிருக்கிறார். பிரசங்கத்தில் வாய் தவறிய சாமியாரைப் பூசை நடுவிலேயே எழுந்து நின்று திருத்தியிருக்கிறார். நகரத்துப் பத்திரிகைக்குப் பத்தொன்பது கடிதம் எழுதினார். மூன்று அச்சில் வந்தது. மூன்றையும் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். கிறிஸ்துமஸ் காலையில் பிள்ளைகள் பையும் கையுமாக வீடு வீடாகப் போய், "மிஸ் கிரிஸ்மெஸ்!" என்று கத்தி மிட்டாய் வாங்குவார்கள். லினோ கதவைப் பாதிதான் திறப்பார்.

"என்ன சொன்னே? அது இங்கிலீஷ் வார்த்தைக்குப் பாவாடை கட்டி விட்டது. நம்ம ஆளுங்க என்ன சொல்லுவாங்க? ஓரேமோஸ். ஜெபிப்போம்னு அர்த்தம். எங்கே, சொல்லு."

சொன்ன பிள்ளைக்குக் கை நிறையப் பின்யோன் கொட்டை. சொல்லாத பிள்ளைக்குச் சாத்திய கதவு. இரண்டே வருடத்தில் பிள்ளைகள் அந்த வீட்டைத் தாண்டிப் போகக் கற்றுக்கொண்டார்கள். ஊரில் மரியாதை போய்விட்டது என்று அவர் வருத்தப்பட்டார்.

தம்பியையும் இந்தச் சொல்லுக்குத்தான் பறிகொடுத்தார். தம்பி லாலோ வேலைக்கு அல்புகெர்க்கி போய், அங்கேயே இவெட் என்பவளைக் கட்டிக்கொண்டு, அங்கேயே தங்கிவிட்டவர். வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அண்ணன் வீட்டில்தான் சாப்பாடு. பதினோரு வருடத்துக்கு முன்பு அப்படிச் சாப்பிட உட்கார்ந்தபோது, இவெட் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு நல்ல மனதோடுதான் சொன்னாள்.

"அத்தான், இந்த வருஷம் மதில் மேல வெச்ச லுமினாரியா ரொம்ப அழகா இருக்கு."

"அது ஃபாரோலிதோம்மா. லுமினாரியா கோயில் வாசல்ல எரியுது."

"எங்க ஊர்ல இதைத்தான் லுமினாரியாம்பாங்க."

"உங்க ஊர்ல பச்சத்தண்ணியக்கூட மிளகாய்க் குழம்பும்பாங்க."

லாலோ சிரித்து மழுப்பப் பார்த்தார். "விடுண்ணே. என்ன பேரு சொன்னாலும் எரியறது மெழுகுவத்திதானே?"

அந்த வார்த்தைதான் எரிகிற நெருப்பில் எண்ணெயாகப் போயிற்று. லினோ எழுந்தார். இவெட்டின் முன்னால் இருந்த தட்டைச் சாப்பாட்டோடு எடுத்துப் போய்த் தொட்டியில் கவிழ்த்தார். "பேரு தெரியாதவங்களுக்கு என் வீட்ல சோறு இல்லை" என்றார். லாலோ கோட்டை மாட்டிக்கொண்டு மனைவியோடு கிளம்பியவர்தான், அப்புறம் இந்த ஊர்ப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை, எந்தச் சொல்லால் சண்டை வந்தது என்று நகரத்தில் இருந்த மகளிடமும் சொல்லவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு இவெட் இறந்தபோது லினோ சாவுக்குக்கூடப் போகவில்லை. அவர் மனைவி நியேவெஸ் யார் வண்டியிலோ தொற்றிக்கொண்டு தனியாகப் போய் வந்தாள். அதற்காக அவளோடும் ஒரு மாதம் பேச்சை நிறுத்திவைத்தார். இப்படி ஒரு மனிதர்.

போன மார்ச்சில் லாலோவின் மகள் தோரெலா ஊருக்கு வந்து இறங்கினாள். முப்பத்து மூன்று வயது, நகரத்தில் பத்து வருடம் தீயணைப்பு வேலை பார்த்தவள். எங்கள் ஊர்த் தன்னார்வத் தீயணைப்புக் குழுவுக்குத் தலைவர் இல்லாமல் வண்டி ஒரு வருடமாகத் துருப்பிடித்துக் கிடந்தது. வருடக் கடைசி வரை பார்ப்போம், சரிப்பட்டால் ஜனவரியில் நிரந்தரம், இல்லாவிட்டால் வந்த வழியே போகலாம் என்று சொல்லி ஊர்க் கமிட்டி அவளிடம் சாவியைக் கொடுத்தது. அம்மா போனபின் அவளுக்கு நகரத்தில் இருப்புக் கொள்ளவில்லை. இந்த வேலை நிலைத்துவிட்டால் அப்பாவையும் சொந்த ஊருக்கே கூட்டிவந்துவிடலாம் என்று நினைத்தாள்.

தங்கியது பூர்வீக வீட்டில். நீளமான மண்வீடு அது. தகப்பனார் நடுவில் சுவர் வைத்து மேற்குப் பாதியை லினோவுக்கும் கிழக்குப் பாதியை லாலோவுக்கும் எழுதியிருந்தார். தம்பியின் பாதியில் பல வருடமாக லினோவின் விறகு குடியிருந்தது. தோரெலா வந்த இரண்டாம் நாளே விறகு முற்றத்துக்கு வந்துவிட்டது.

"மழை பெஞ்சா அத்தனையும் நனைஞ்சு போயிரும்டி!"

"மழையா? மேல நிமிர்ந்து பாருங்க பெரியப்பா. வானம் வெளுத்துக் கிடக்கு."

அவள் சொன்னதுதான் நடந்தது. அந்த வருடம் மழையும் இல்லை, பனியும் இல்லை. அக்டோபரில் அவள் வீடு வீடாகப் போய்ப் புகைபோக்கிகளைச் சோதித்தாள். லினோ வீட்டுப் புகைபோக்கியில் விரிசல். சரிசெய்யும்வரை பற்றவைக்கக் கூடாது என்று அடுப்பில் சிவப்பு அட்டையைக் கட்டிவிட்டுப் போனாள். ஊரைக் கூட்டிக் கத்தியும் பலிக்காமல், ஊருக்கே விறகு விற்கிறவர் பதினாறு நாள் மின்சார ஹீட்டர் முன்னால் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைப்பக்கம் போனால், "என்ன லினோ, குளிருதா?" என்று ஆளாளுக்கு விசாரித்தார்கள். ஜனவரியில் இவள் இந்த வீட்டில் இருக்கக் கூடாது என்று அந்தப் பதினாறு நாளில் முடிவு செய்தார்.

டிசம்பர் பதினைந்தாம் தேதி கடைக் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. "கடும் வறட்சி. இந்த வருடம் ஊருக்குள் லுமினாரியா வைக்கக் கூடாது. தோரெலா கின்தானா, தீயணைப்புக் குழு."

லினோ ஒரே ஒரு தரம் படித்தார். அல்புகெர்க்கியில் பிறந்து வளர்ந்தவள் எழுதியது. அவள் தடை செய்வது காகிதப் பையை. வெறுந்தரையில் நாலு பேர் காவல் நிற்க எரிகிற கட்டையால் ஆபத்து இல்லை, காற்றில் சாய்கிற பையால்தான் ஆபத்து, எந்தத் தீயணைப்புக்காரியும் அப்படித்தான் நினைப்பாள். அவருக்கு அது உள்ளங்கை நெல்லிக்கனியாகத் தெரிந்தது. வேறு ஒருவருக்கும் தெரியவில்லை என்பதும் தெரிந்தது. கடைக்காரர் புரோகோப்பியோ, கமிட்டித் தலைவரும் அவர்தான், உள்ளேயிருந்து புலம்பிக்கொண்டிருந்தார்.

"பார்த்தியா லினோ, கோயில் நெருப்புக்கே தடை போட்டுட்டா உன் தம்பி பொண்ணு. நாப்பது வருஷமா நீ மூட்டற நெருப்பு. போய் நாலு வார்த்தை கேக்கமாட்டே?"

"எழுத்துல போட்டிருக்கு. சட்டம்னா சட்டம்."

"நீயா பேசறே? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"ஃபாரோலிதோவுக்குத் தடை இல்லையே. கூரைக்கு எப்பவும் வெக்கறதைவிட ரெண்டு மடங்கு வெச்சுக்கங்க. நெருப்பு இல்லாத குறை தீரும்."

அவர் நினைத்தது இவ்வளவுதான். அவள் வந்து பார்த்துக் கத்துவாள், ஊர் கைகொட்டிச் சிரிக்கும், ஒரு அறிவிப்பு எழுதத் தெரியாதவள் என்று கமிட்டி சாவியைத் திருப்பி வாங்கிக்கொள்ளும். இதற்காக நாற்பது வருடத்து நெருப்பைக்கூட விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தார். எரிகிற பொருளை வைத்து விளையாடுகிறோமே என்று நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும்.

இடையில் ஒருநாள் கடையில் ஒரு பெண் தோரெலாவிடமே முறையிட்டாள். "லுமினாரியா இல்லாம என்னம்மா கிறிஸ்துமஸ்?"

"ஒரு வருஷம் பொறுத்துக்கங்க அக்கா. அடுத்த வருஷம் பனி பெய்யட்டும்."

இரண்டு பேரும் ஒரே விஷயத்தைப் பேசியதாக நினைத்துக்கொண்டு தலையாட்டிப் பிரிந்தார்கள். ரொட்டி வாங்குகிற சாக்கில் நின்ற லினோ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

இருபத்து நாலாம் தேதி காலை தோரெலா அப்பாவை அழைத்துவர அல்புகெர்க்கி போனாள். லாலோவுக்குக் கண் அறுவை முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, வண்டி ஓட்ட முடியாது. மத்தியானம் நியேவெஸும் இன்னும் சில பெண்களும் கோயிலில் கூடினார்கள். முற்றம் இருட்டாகக் கிடக்கப்போகிறது, மேலேயாவது வெளிச்சம் வேண்டும் என்று நியேவெஸ் அறுபது வயதில் ஏணி ஏறி, மரத்தாலான மணிக்கூண்டைச் சுற்றி இருபத்து நாலு பை வைத்தாள். லினோதான் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

பொழுது இறங்கும் நேரத்தில் தோரெலாவின் வண்டி ஊருக்குள் நுழைந்தது. ஒவ்வொரு கூரையிலும் மதிலிலும் மெழுகுவத்தி. கோயில் வாசலில் வண்டியை நிறுத்திக் குதித்தாள்.

"யாரு லுமினாரியா வெச்சது? கூடாதுன்னு எழுதி ஒட்டியிருந்தேனே!"

"எங்கேம்மா வெச்சோம்?" புரோகோப்பியோவுக்கும் கோபம் வந்துவிட்டது. "கண்ணைத் தொறந்து பாரு. ஒரு கட்டை அடுக்கியிருக்கோமா?"

"கூரை பூரா இருக்கே!"

"அது ஃபாரோலிதோ!"

"ஐயோ, நான் சொன்னதே அதைத்தான்!"

 எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கினார்கள். நீ எழுதியது ஒன்று சொல்வது ஒன்றா, உங்கள் ஊர்ப் பேச்சை எங்கள் தலையில் கட்டுகிறாயா என்று ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். "முதல்ல அணைங்க, அப்புறம் திட்டுங்க!" என்று அவள் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. லினோ சுவரோரம் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். அவர் சிரிப்பு அடங்குவதற்குள் மேற்குக் காற்று மலையிலிருந்து இறங்கியது.

மணிக்கூண்டு ஓரத்தில் ஒரு பை சாய்ந்தது. கூண்டுக்குள் புறாக்கள் சேர்த்துவைத்த காய்ந்த குச்சிகள். பத்து எண்ணுவதற்குள் கூண்டு பற்றிக்கொண்டது. தோரெலா தீயணைப்பு வண்டியை எடுக்க ஓடினாள். ஒரு மணி நேரம் போராடி, கை வெந்து, பாதிக் கூரையைக் காப்பாற்றினாள். மணி மீதிக் கூரையைத் துளைத்துக்கொண்டு பீடத்துக்கு முன்னால் விழுந்தது. ஆட்களுக்குச் சேதம் இல்லை, அது ஒன்றுதான் ஆறுதல். நூறு வருடத்தில் முதல் தடவையாகக் கிறிஸ்துமஸ் பூசை நடக்கவில்லை.

அன்று இரவு நியேவெஸ் தூங்கவில்லை. "என் கையால வெச்ச பை லினோ. நான் ஏத்தின மெழுகுவத்தி. கோயிலை நானே கொளுத்திட்டேன்" என்று அழுதபடியே கிடந்தாள். லினோ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் கிறிஸ்துமஸ். மத்தியானம் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் கமிட்டி கூடியது. ஊர் முழுக்க அங்கேதான் இருந்தது. லாலோ கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

"நம்ம வார்த்தையே தெரியாதவ நம்ம ஊரை எப்படிக் காப்பாத்துவா?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார். "நகரத்துக்கே அனுப்புங்க" என்றது இன்னொரு குரல். ஊர் வாயை மூட உலைமூடி ஏது.

தோரெலா கட்டுப் போட்ட கையோடு எழுந்தாள். "தப்பு என்னோடதுதான். இந்த ஊர்ப் பேச்சு எப்படின்னு கேட்டுட்டு எழுதியிருக்கணும். ஒரே ஒரு கேள்வி. நான் பையைத்தான் சொல்றேன்னு உங்கள்ல ஒருத்தருக்குக்கூடத் தோணலையா?"

 உண்மையிலேயே அவர்களுக்குத் தோன்றியிருக்கவில்லை. புரோகோப்பியோ லினோவின் பக்கம் திரும்பினார்.

"லினோ, இந்த வார்த்தை விஷயத்துல உன்னைவிடப் பெரிய ஆள் கிடையாது. உனக்குத் தோணுச்சா?"

"எழுதியிருந்ததைப் படிச்சேன். அவ மனசுல இருக்கறதைப் படிக்க நான் என்ன மந்திரவாதியா?"

"லினோவுக்கே புரியலைன்னா அப்புறம் வேற யாருக்குப் புரியும்?" என்று பெருமூச்சு விட்டுவிட்டு, புரோகோப்பியோ சாவிக்காகக் கையை நீட்டினார்.

தோரெலா சாவியை எடுத்தாள், கொடுக்கவில்லை. பெரியப்பாவையே பார்த்தாள். ஒரு புகைபோக்கிக்கு ஊரைக் கூட்டின மனிதர், கோயில் நெருப்புக்குத் தடை என்று எழுதியதைப் படித்துவிட்டு ஒன்பது நாள் ஏன் வாய் திறக்கவில்லை என்று விடிய விடிய யோசித்திருந்தாள். இப்போது மிகவும் பரிவாகப் பேசினாள்.

"பெரியப்பாவைக் கேட்டு என்ன பிரயோஜனம்? அவருக்கு இந்த வார்த்தையெல்லாம் அவ்வளவாத் தெரியாது. யாரோ சொன்னதைக் கேட்டுட்டு இத்தனை வருஷமா சொல்லிட்டிருக்கார். லுமினாரியாவுக்கு எங்க ஊர்ல வேற அர்த்தம் இருக்கறதே பாவம் அவருக்குத் தெரிஞ்சிருக்காது."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். லினோவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"எனக்கா? எனக்கா தெரியாது?" அவர் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது. "ஏ பொண்ணே, நீ பொறக்கறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்! உங்க ஊர்ல பைக்கு லுமினாரியான்னு பேரு. நீ பையைத்தான் சொல்றேன்னு கடை வாசல்லயே கண்டுபிடிச்சுட்டேன். ஒரே தரம்தான் படிச்சேன்! இத்தனை பேர்ல எவனுக்குப் புரிஞ்சுது? எனக்குப் புரிஞ்சுது!"

 நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றவருக்கு, தான் என்ன சொன்னோம் என்பது மெல்லத்தான் உறைத்தது.

"ரெண்டு மடங்கு வெச்சுக்கங்கன்னு என்கிட்ட சொன்னியே லினோ" என்றார் புரோகோப்பியோ.

தோரெலா சாவியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். யாரும் தடுக்கவில்லை.

பெண்கள் பக்கத்திலிருந்து நியேவெஸ் எழுந்து வந்தாள். கணவருக்கு நேர் எதிரே நின்றாள்.

"ஏணியை நீதானே புடிச்சே?"

"நியேவெஸ், இது இவ்வளவு தூரம் போகும்னு நான்..."

"விடிய விடிய அழுதேனே. பக்கத்துலதானே படுத்திருந்தே? ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொன்னா உன் வாய் முத்து உதிர்ந்திருக்குமா?"

"அது இல்ல, லுமினாரியான்னா..."

"வாயை மூடு" என்றாள். முப்பத்தேழு வருடக் குடித்தனத்தில் அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

லினோ தனியாக நடந்து வீட்டுக்கு வந்தார். வழியில் இரண்டு பேர் எதிர்ப்பட்டார்கள், இரண்டு பேருமே சாலையின் மறுபக்கம் போய்விட்டார்கள். வீட்டில் காலையிலிருந்து வெந்துகொண்டிருந்த, சோளமும் கறியும் போட்ட போசோலேப் பானை அடுப்பில் இல்லை. மிளகாய்க் குழம்பும் இல்லை, சோளமாவில் அவித்த தமாலே வைத்திருந்த கூடையும் இல்லை. நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது. பதினோரு வருடத்துக்குப் பிறகு தம்பியின் குரல் அந்த வீட்டுக்குள் கேட்டது. "அண்ணி, மிளகாய்க் குழம்பு இருந்தா இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்றார் லாலோ.

லினோ முற்றத்தைச் சுற்றிக்கொண்டு கிழக்குப் பாதியின் கதவருகே போய் நின்றார். கதவு தாழிடாமல் இருந்தது.

"அண்ணன் வந்தா?" என்று உள்ளே லாலோ கேட்டார்.

"வரட்டும்" என்றாள் நியேவெஸ். "என்ன சொல்லிட்டு வர்றார்னு பார்க்கலாம்."

அவர் சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல். ரின்கோனிலும் அல்புகெர்க்கியிலும் அதற்கு ஒரே அர்த்தம்தான், குழப்பமே கிடையாது. லினோ கதவில் கையை வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றார். அந்தச் சொல் வாயில் வரவில்லை. உள்ளே தட்டுகளை எடுத்து அடுக்குகிற சத்தம் கேட்டபோது கையை எடுத்துக்கொண்டு தன் பாதிக்குத் திரும்பிப் போனார்.